கொசாக்: பெயரும் பொருளும்

கொசாக் என்றதும் நம் கண்முன் நிற்பது யார்? கையிலே சாட்டை, காலடியிலே குதிரை, ஜார் மன்னன் கண்ணசைத்தால் ஏழையர் கூட்டத்தின்மீது பாயும் முரட்டுப் படைவீரன்! 1905-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ரஷ்யத் தொழிலாளரின் முதுகு அந்தச் சாட்டையை நன்கறிந்தது. ஆனால், அப்பெயரின் பொருள் யாது? ஏவலாளா? அடியாளா? அல்ல, அல்ல! கட்டற்றவன் என்பதே அதன் பொருள்.

'கசாக்' எனும் துருக்கிச் சொல்லே ஸ்லாவியர் நாவில் திரிந்து வழங்கியது. தலைவனையும் குலத்தையும் துறந்து, எவர்க்கும் பணியாது புல்வெளியில் திரிபவனை அச்சொல் குறித்தது. நடு ஆசியாவின் கசாக் மக்கள் வேறு இனத்தார், வேறு மொழியார். எனினும் பெயருக்கு வேர் ஒன்றே. இரண்டையும் ஒன்றுபோல் எழுதிய குழப்பம் தீர, 1936-இல்தான் ரஷ்ய எழுத்தில் கசாக் மக்களின் பெயரது ஈற்றெழுத்தை மாற்றினர்!

போலந்து, லித்துவேனியா, மாஸ்கோ ஆகிய நாடுகளின் நிலக்கிழார்கள் குடியானவனை மண்ணோடு பிணைத்தனர். பிணைப்பை அறுத்தோர் பலர் தினீப்பர், தோன் ஆற்றங்கரைகளுக்கு ஓடினர். தினீப்பர் ஆற்றின் பாறைத்தடங்களுக்கு அப்பால் 'சிச்' எனும் அரணமைத்தனர். அங்கே பேரவை கூடித் தலைவனைத் தேர்ந்தது, வேண்டாதபோது இறக்கியது. தோன் கரைக்கு வந்தவனைத் திருப்பித் தருவதில்லை என்பது அவர்தம் உறுதிமொழி. பெருமைதான்! எனினும், சிச்சிலே பெண்ணுக்கு இடமில்லை. 1648-இல் மூண்ட எழுச்சியில் யூத மக்கள் ஆயிரமாயிரமாய் வெட்டுண்டதையும் நாம் மறைத்தல் ஆகாது.

ஜார் ஆட்சி இவர்களை எப்படி வென்றது? வாளால் மட்டுமா? தோன் கொசாக்குகளான ராசினை 1671-இலும் புகச்சோவை 1775-இலும் மாஸ்கோவில் கொன்றது உண்மை. அதே 1775-இல் இரண்டாம் காத்தரின் சிச்சை இடித்தாள். அதன் இறுதித் தலைவர் கால்னிஷெவ்ஸ்கி வெண்கடல் தீவொன்றின் மடத்துச் சிறையில் கால் நூற்றாண்டு வாடினார். ஆயின், வாளினும் கூரியதொரு கருவி இருந்தது. அதன் பெயர் சலுகை! நிலம் தந்தனர், வரி நீக்கினர், படைத்தலைவர்க்குப் பிரபுப் பட்டம் சூட்டினர். பண்ணையடிமைத்தனத்துக்கு அஞ்சி ஓடி வந்தோரின் வழித்தோன்றல்களில் மேலோர், தாமே பண்ணையடிமைகளை வைத்துக்கொண்டனர்!

தலைவன்? அவனைத் தேரும் உரிமையும் பறிபோயிற்று. 1827-இல் கொசாக் படைகள் அனைத்திற்கும் தலைவன் என்று முதலாம் நிக்கோலஸ் ஒருவனை அமர்த்தினான். அவனுடைய மகன், பட்டத்து இளவரசன் அலெக்சாந்தர். வயது ஒன்பது.