அட்டையில் பதிந்த கை

சில ஆண்டுகளுக்கு முன்பு கொல்கத்தாவில் எங்கள் குடியிருப்புச் சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் போட்டி ஒன்று வைத்தோம். டிசம்பர் பிறந்துவிட்டால் இந்நகரில் எம்மதத்தார் வீட்டிலும் கேக்கும் நட்சத்திர விளக்கும் உண்டு என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். கையால் செய்த அட்டைகளே ஏற்கப்படும் என்பது போட்டியின் விதி. பாளையங்கோட்டையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தி கொண்டுவந்த அட்டை எல்லார் கண்ணையும் கவர்ந்தது. அதிலிருந்த மரம் வெட்டச்சில் வெட்டி ஒட்டப்பட்டது. சுற்றிலும் இருந்த நட்சத்திரங்கள் ரப்பர் முத்திரையால் பதிக்கப்பட்டவை. "இயந்திரம் வெட்டியதையும் முத்திரை பதித்ததையும் கைவேலை என்று எப்படி ஒப்புக்கொள்வது?" என்று நடுவர்களில் ஒருவரான நண்பர் கேட்டார். அட்டை விலக்கப்பட்டது. நானும் அன்று நடுவர்தான். மறுமொழி தெரியாமல் வாளாவிருந்துவிட்டேன்.

அந்த மறுமொழியைத் தேடியே பின்னர் இந்த அட்டைகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க நண்பரின் கேள்வி புதிதன்று என்பது விளங்கிற்று.

கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே கைக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தான். ஆண்டு இறுதியில் உற்றார் உறவினர்க்கும் நண்பர்க்கும் தம் கைப்பட மடல் எழுதுவது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. 1840 ஜனவரி 10ஆம் நாள் அங்கே பென்னித் தபால் முறை வந்தது. அதற்கு முன்பு தொலைவுக்கேற்பக் கட்டணம் வாங்கினர். பெரும்பாலும் மடலைப் பெறுபவரே அதைச் செலுத்தவேண்டியிருந்தது. புதிய முறையில், அரை அவுன்சு எடைக்குள் அடங்கும் மடல் நாட்டின் எம்மூலைக்கும் ஒரே ஒரு பென்னியில் சென்றது. மடல்கள் பெருகின. மறுமொழி எழுதவேண்டிய கடமையும் உடன் பெருகிற்று.

அப்பென்னித் தபால் முறையைக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவரே அதன் சுமையையும் உணர்ந்தார் என்பது ஒரு வேடிக்கை. அவர் ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர். பிற்காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர். ஓய்வறியாத அம்மனிதர் 1843ஆம் ஆண்டு ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரை அழைத்து, பலருக்கும் அனுப்பத்தக்க வாழ்த்துப் படம் ஒன்றை வரையச் செய்தார். நடுவில் ஒரு குடும்பத்தார் கிண்ணம் ஏந்தி, காண்போரை நோக்கி வாழ்த்துகின்றனர். ஒருபுறம் பசித்தோர்க்கு உணவும் மறுபுறம் ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கப்படுகின்றன. அது கல்லச்சில் 1000 படிகள் அச்சாயிற்று. ஆனால் வண்ணம் தீட்டியது இயந்திரமன்று. அதனையே தொழிலாகக் கொண்டவரின் கை. ஆக, உலகின் முதல் கிறிஸ்துமஸ் அட்டையே பாதி அச்சு, பாதி கைவேலை!

கோல் தமக்கு வேண்டியவை போக எஞ்சியவற்றை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு விட்டார். ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. பன்னிரண்டு மடல்களுக்குரிய தபால் செலவை ஓர் அட்டைக்குக் கொடுக்க ஏழை எளியவர் முன்வருவரா? போதாக்குறைக்கு, படத்தில் ஒரு குழந்தைக்கும் மது ஊட்டப்படுவதைக் கண்ட மதுவிலக்குக்காரர் சினந்தனர். அட்டை உடனே ஊரெங்கும் பரவிவிடவில்லை.

அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து அலங்காரத் தாள் வந்துகொண்டிருந்தது. தாளை உலோக அச்சில் அழுத்தினால் உருவங்கள் மேலெழும்பி நிற்கும். நம் அச்சகத்தார் 'எம்பாஸிங்' என்பது அதுவே. 1834இல் லண்டனில் ஜோசப் அடன்புரூக் என்னும் தொழிலாளி அவ்வாறு புடைத்த பகுதிகளை அரத்தால் தேய்த்தபோது, அவ்விடங்களில் துளைகள் விழுந்து தாள் சரிகைப் பின்னல் போலாயிற்று என்பர். இவ்வாறு உண்டான 'தாள் லேஸ்' முதலில் பிப்ரவரி மாதக் காதலர் மடல்களை அழகு செய்தது. கிறிஸ்துமஸ் அட்டைகளுக்குப் பின்னர் வந்தது.

இந்த இடத்தில் எஸ்தர் ஹௌலாண்ட் என்னும் பெண்மணியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எழுதுபொருள் வணிகரின் மகளாக 1828இல் பிறந்தவர். 1847இல் மவுண்ட் ஹோலியோக்கில் கல்வியை முடித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மடலைக் கண்டு, அதனினும் நன்றாகத் தம்மால் செய்யமுடியும் என்று துணிந்தார். தாள் லேஸையும் வண்ணத் தாளையும் வெட்டிய பூக்களையும் தந்தையின் வழியாகத் தருவித்துச் சில மாதிரிகளைச் செய்தார். விற்பனைக்காக ஊர் ஊராகச் செல்லும் சகோதரர் அவற்றை உடன் எடுத்துப் போனார். எதிர்பாராத அளவில் ஆணைகள் குவிந்தன. எஸ்தர் தம் வீட்டு மேசையைச் சுற்றித் தோழியரை அமர்த்தினார். ஒருத்தி பூவை வெட்ட, ஒருத்தி பின்புலத்தை ஒட்ட, ஒருத்தி லேஸை அடுக்க, மடல்கள் கைமாறி வந்தன. சரக்கு இயந்திரம் தந்தது. சேர்த்து உருவாக்கியது கை. அவர் செய்தவை காதலர் மடல்களே எனினும், இன்று கிறிஸ்துமஸ் அட்டை செய்வோர் மேசையில் நிகழும் வேலை அணுவும் பிசகாமல் இதுதான். எஸ்தரின் மடல்களைக் கைவேலை அல்ல என்று அன்று எவரும் தள்ளியதாகத் தெரியவில்லை.

வெட்டிய உருவங்களைச் செய்து குவித்த பெருமை ஜெர்மனிக்கே உரியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெர்லின் முதலிய நகரங்களில் இத்தொழில் செழித்தது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்று பொருந்த அச்சிடுவர். ஒரு படத்திற்கு இருபது கற்கள்வரை கூடப் பயன்பட்டதுண்டு. ஒரு கல் மயிரிழை விலகினால் தேவதைக்கு இரண்டு மூக்கு! பிறகு பசையும் ஜெலட்டினும் பூசிப் பளபளப்பாக்குவர். அச்சில் அழுத்திப் புடைக்கச் செய்வர். கூரிய விளிம்புடைய எஃகு வெட்டச்சால் உருவத்தின் ஓரம் ஒட்டி வெட்டுவர். தாளை வெட்டும் இக்கருவிக்கு நெருங்கிய உறவு, காலணித் தொழிலில் தோலை ஒரே அளவாக வெட்டும் அச்சு. வெட்டப்பட்ட தேவதைகளும் ரோஜாக்களும் சிதறிப்போகாதிருக்கச் சிறு தாள்கீற்றுகளால் இணைக்கப்பட்டு ஒரே தாளாகக் கடைக்கு வரும். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கத்தரிக்கோலால் கீற்றை நறுக்கி, ஆல்பத்திலும் அட்டையிலும் ஒட்டுவர்.

1870இல் இங்கிலாந்தில் அரைப் பென்னித் தபால் வந்ததும் அட்டை எளியவர் கைக்கும் எட்டிற்று. உறையை ஒட்டாமல் அனுப்பினால் செலவு பாதி. நம் வீடுகளிலும் உறையின் வாயை மடித்துச் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தலை ஒட்டி வாழ்த்து அனுப்பிய நாட்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1880இல் பிரிட்டிஷ் தபால் துறை, கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள் என்று மக்களை வேண்டிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது.

இக்காலத்து அட்டை வணிகத்தில் பெயர்பெற்ற இருவர் நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். பிரஷ்யாவிலிருந்து 1860களில் லண்டன் சென்ற ரபேல் டக் ஒரு யூதர். கிறிஸ்து பிறப்பு விழா அட்டைகளில் அவர் நிறுவனமே முதன்மை பெற்றது. 1880இல் 500 கினி பரிசுத் தொகை அறிவித்து அந்நிறுவனம் நடத்திய ஓவியப் போட்டிக்குப் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. மற்றவர் லூயி பிராங். பிரெஸ்லாவ் நகரில் பிறந்து, 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின் நாடுவிட்டுப் பாஸ்டனில் குடியேறியவர். 1870களின் நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகளை அமெரிக்கரிடையே பரப்பினார். நுட்பத்தில் சிறிதும் விட்டுக்கொடாத அவர், மலிவான ஜெர்மன் அட்டைகள் வந்து குவிந்தபோது 1890களில் அத்தொழிலிலிருந்து விலக நேர்ந்தது. தாம் பிறந்த மண்ணிலிருந்து வந்த சரக்கே தம் சந்தையை விழுங்கியதை அவர் எவ்வாறு பொறுத்தாரோ!

1914இல் போர் மூண்டது. ஜெர்மன் படங்களின் வரவு நின்றது. ஆனால் போர்முனைக்கருகிலேயே மற்றொரு வகை அட்டை தழைத்தது. பிரெஞ்சு, பெல்ஜியப் பெண்கள் மெல்லிய பட்டு வலையில் பூக்களையும் கொடிகளையும் கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் வரிசையாகப் பூத்தையலிட்டுத் தருவர். தொழிற்சாலையில் அவ்வலையைத் துண்டாக வெட்டி, புடைப்பச்சு இட்ட அட்டைச் சட்டத்தில் பொருத்துவர். போர்வீரர்கள் அவற்றை வாங்கித் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பினர். அஞ்சலில் கசங்கிவிடுமென்று பலர் அதனை மடலுக்குள் வைத்தே அனுப்பினர். ஆகவே, எஞ்சியுள்ளவற்றுள் முகவரியே எழுதப்படாதவை பல.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நடந்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். செக்கோஸ்லோவாகிய நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளிச் சிறுமி, உதவி செய்த ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்திற்கு நன்றியாக ஒரு படம் வரைந்தாள். வயது ஏழு. தாள் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தாள். அதுவே 1949இல் அந்நிதியத்தின் முதல் வாழ்த்து அட்டையாக வெளிவந்தது. 1950களில் எரிக் ஸ்டெக்மன் என்னும் ஜெர்மன் ஓவியர், வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுவோரை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் கண்டார். இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் இயக்கத்தை இழந்தவர் அவர். இத்தகைய ஓவியர்களின் கிறிஸ்துமஸ் அட்டைகள் நம் நாட்டு வீடுகளுக்கும் அஞ்சலில் வந்துள்ளன. அவற்றின் முன் 'கையால் செய்தது' என்னும் போட்டி விதியை வாசித்துப் பாருங்கள்!

இனி ரப்பர் முத்திரை. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். 1860களில் அந்த ரப்பரில் எழுத்து வார்த்த முத்திரைகள் வழக்கிற்கு வந்தன. நம் நாட்டு அலுவலகங்களில் அது பதியாமல் ஒரு தாளும் அசையாது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. அந்த அலுவலகப் பொருள் பூவும் மானும் நட்சத்திரமுமாக மாறி வீட்டு மேசைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அமெரிக்காவில் அது பெரிய பொழுதுபோக்குக் கலையாயிற்று. மை கூடினால் உருவம் கசியும், குறைந்தால் வெளிறும். ஈர மையின்மேல் நுண்ணிய பொடியைத் தூவிச் சூடு காட்டினால், பொடி உருகிக் கோடு மேலெழும்பி மின்னும்.

வெட்டச்சும் அவ்வாறே தொழிற்சாலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு தட்டுகளுக்கிடையே தாளையும் மெல்லிய எஃகு அச்சையும் வைத்து, கரும்புச் சாறு பிழிவதுபோல் உருளைகளின் நடுவே கைப்பிடியால் சுற்றிச் செலுத்தவேண்டும். வெளியே வரும் மரத்தின் இலையிடுக்குகளில் தாள்துணுக்குகள் சிக்கியிருக்கும். அவற்றை ஊசியால் குத்தி ஒவ்வொன்றாக எடுத்து, கிளை கிழியாமல் பிரித்து, பசை பிதுங்காமல் ஒட்டவேண்டும். இதனை நான் ஒருமுறை செய்துபார்த்தேன். மூன்று மரங்கள் பாழாயின.

நமக்கும் இது அயலான கலையன்று. பாதி வெட்டிய வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்துப் பூப்பூவாகப் பதித்த பள்ளிப் பருவம் யாருக்கு இல்லை? 1970களிலும் 1980களிலும் சிவகாசியில் அச்சாகிய பொங்கல் வாழ்த்து அட்டைகள் கடைவாயிலில் கயிற்றில் தொங்கின. கரும்பும் பானையும் அச்சிட்டவைதாம். வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகள் அவற்றில் பசை தடவி ஜிகினா தூவினர். ஊரிலிருந்து வரும் அந்த அட்டையைப் பிரித்தால் ஜிகினா மடியெல்லாம் உதிரும். பல நாள் கழித்தும் வீட்டின் ஏதோவொரு மூலையில் ஒரு பொட்டு மின்னும்.

கோல் அச்சிட்ட ஆயிரம் அட்டைகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏலத்திற்கு வந்து 20,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அது கோல் தம் பாட்டிக்கு அனுப்பிய அட்டை. அவருடைய கையெழுத்து அதில் இருக்கிறது.

இவையெல்லாம் தெரிந்தபின் நண்பரிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பரிசு கொடுத்துவிடலாம்" என்றார். இருவருமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். பரிசை அவள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டாள். அட்டையை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "அது இங்கே இல்லை, மாமா. அன்றைக்கே பாளையங்கோட்டை ஆச்சிக்கு அனுப்பிவிட்டேன்" என்றாள்.