இருளுக்கு முகம் வைத்த கதை: டோல்கீனின் பூதங்களை முன்வைத்து

1

பேய், பூதம், அரக்கன் இதுக்கெல்லாம் வரலாறு உண்டா என்று கேட்டால் நம்மாட்கள் சிரிப்பார்கள். கெட்டவன் கெட்டவன்தான், இருட்டு இருட்டுதான், இதிலென்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு என்பார்கள். ஊர்க்கதைகளில் உலவும் பேய்கள் எப்போது, யார் வாயில் பிறந்தன என்று தேதி சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு தனிமனிதர் உட்கார்ந்து எழுதிய தொன்மம் என்றால் முடியும். எந்த வருஷம் எந்தப் பூதம் பிறந்தது, எப்போது அதன் எண்ணிக்கை குறைந்தது, எப்போது அது யாருடைய முகத்தை வாங்கிக்கொண்டது என்று பிரதி பிரதியாகக் காட்டலாம்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய தொன்மம் அப்படிப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, சாகும்வரை எழுதி, அடித்து, திருத்தி, முடிக்காமலே விட்டுப்போனார். பலருக்கும் தெரிந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) அதன் வால் பகுதிதான். ‘சில்மரில்லியன்’ அவர் செத்து நாலு வருஷம் கழித்து 1977இல், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வந்தது. பிறகு 1983 முதல் 1996 வரை கையெழுத்துப் படிகளைப் பன்னிரண்டு தொகுதிகளாக அவரே அச்சேற்றினார். முடிந்துபோன, புனிதமான மூலப்பிரதி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அதில் அம்பலமானது.

கதையின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். படைத்தவனுக்கு எதிராகக் கிளம்பிய முதல் வல்லமை மெல்கோர். அவனுக்குத் துணையாக மூன்று வகை இருள். நெருப்புச் சாட்டை ஏந்திய பால்ராக்குகள். ஒளியையே குடிக்கும் சிலந்தி வடிவான உங்கோலியன்ட். கூட்டங்கூட்டமாக வந்து சாகும் ஓர்க்குகள். எதிர்ப்பக்கம் எல்ஃப்கள், மனிதர்கள், மற்றவர்கள். ஒளி ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தாற்போலத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கோடு பலமுறை அழித்து அழித்துப் போடப்பட்டிருக்கிறது. அந்த அழித்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

1916 ஜூனில் டோல்கீன் பிரான்சுக்குப் போகிறார். லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் செய்தித்தொடர்பு அதிகாரி. ஜூலை 1இல் தொடங்கிய சோம் சண்டையில் முதல் நாளே பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,000க்கு மேல். அதில் அவருடைய பள்ளிக்கால நெருங்கிய நண்பர் ஒருவர். டிசம்பரில் இன்னொருவர். பேன் பரப்பும் பதுங்குகுழிக் காய்ச்சலோடு நவம்பரில் ஊர் திரும்பிய டோல்கீன், படுக்கையில் கிடந்த மாதங்களில் எழுதிய கதை ‘கோண்டோலின் வீழ்ச்சி’. ஒளிந்திருந்த எல்ஃப் நகரம் ஒன்று எரிந்துபோகும் கதை.

பால்ராக் பிறந்தது அங்கேதான். ஆனால் பின்னால் நாம் சந்திக்கும் தனித்த, பயங்கரமான பால்ராக் அல்ல. கும்பலாக வருகிறார்கள். வெட்டினால் சாகிறார்கள். அவர்களோடு இரும்பால் செய்த பாம்புகள் ஊர்ந்து வருகின்றன, அவற்றின் வயிற்றுக்குள் ஓர்க் சிப்பாய்கள். போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாக உருண்டது அதே சோமில், அதே 1916 செப்டம்பரில். இந்த முதல் பூதங்கள் ஆதிகாலத்துப் பூதங்களே இல்லை. தொழிற்சாலையும் இராணுவமும் சேர்ந்து பெற்றவை. ஓர்க்குகளும் அப்படித்தான். பூமிக்கடியில் வெப்பத்திலும் சேற்றிலும் மெல்கோர் அவர்களைச் செய்தான் என்கிறது அந்தக் கதை. உற்பத்திப் பொருள். பொருளைக் கொல்வதில் யாருக்கும் மனச்சாட்சி உறுத்தாது.

3

அடுத்த கட்டம் நூலகத்தில் நடக்கிறது. டோல்கீன் தொழிலால் மொழியியலாளர், ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். 1932லும் 1934லும் ‘மீடியம் ஈவம்’ என்ற ஆய்விதழில் இரண்டு பாகமாக ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு சொல்லைப் பற்றி. பழைய ஆங்கிலப் பிரதிகளில் எத்தியோப்பியரைக் குறிக்க ‘சிகெல்ஹெயர்வான்’ என்றொரு சொல் வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்கிறார். முன்பாதி சூரியன், அல்லது மணிக்கல். பின்பாதிக்குக் கரி, தணல் என்ற பொருளுள்ள சொற்களோடு உறவு இருக்கலாம். எத்தியோப்பியர் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது, அதற்கு முன்னால் இந்தச் சொல் வடநாட்டுத் தொன்மத்தின் நெருப்புப் பூதங்களைக் குறித்திருக்கலாம் என்பது அவர் ஊகம். புகைக்கரி படிந்த முகம், தணலாய் எரியும் கண்கள் என்று அவர் வரைந்து காட்டும் அந்த உருவத்தில் பால்ராக் தெரிகிறது என்பதை விமர்சகர் டாம் ஷிப்பி 1982லேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

பால்ராக் ஏற்கெனவே பிறந்துவிட்டதுதான், இந்தச் சொல் அதைப் பெறவில்லை. ஆனால் 1937 கடைசியில் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில், மோரியாச் சுரங்கத்தில் எழுந்துவரும் பால்ராக்கிடம் நெருப்பைவிட நிழல்தான் பெரிசாக இருக்கிறது. முதல் பால்ராக்கின் எஃகு நகங்கள் போய், கருமை வந்துவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டோல்கீனின் ஊகம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் செய்தது என்ன? எத்தியோப்பியர் ஒருவரைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லாதவர்கள், லத்தீன் பிரதியில் ஓர் இனத்தின் பெயர் வந்ததும், கையிருப்பில் கிடந்த பூதத்தின் பெயரை எடுத்து அந்த இனத்துக்கு வைத்துவிட்டார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, ஒரு மொழிபெயர்ப்பு வசதி. பிறனைக் கட்டமைப்பது எப்போதும் பெரிய கோஷத்தோடு நடப்பதில்லை. அகராதியில் ஒரு வரியாக, சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. டோல்கீன் செய்தது இதற்கு நேர் எதிர்த்திசை வேலை. மக்கள்மேல் ஒட்டியிருந்த பெயரை உரித்து, அதன் அடியில் இருந்த பூதத்தைத் தேடினார். பூதத்தை மக்களிடமிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று நம்பினார்.

4

ஓர்க் என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பூர்வோத்திரம் உண்டு. ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில், தம்பியைக் கொன்ற காயீனின் வழியில் பிறந்த தீய இனங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஓர்க்குகளின் மூதாதைச் சொல் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே யார் இருக்கிறார்கள் தெரியுமா? எல்ஃப்கள்! அந்தக் கிறிஸ்தவக் கவிஞனுக்கு இரண்டும் ஒரே குப்பை. டோல்கீன் அந்தப் பட்டியலை வெட்டி, எல்ஃப்களை ஒளியின் பக்கம் தூக்கி வைத்தார், ஓர்க்கை இருட்டில் விட்டார். ஒரே வரியில் பங்காளிகளாக இருந்தவர்கள் பரம எதிரிகள் ஆனார்கள்.

பங்காளி உறவு லேசில் போகுமா? போகவில்லை. 1936 நவம்பர் 25 அன்று பிரிட்டிஷ் அகாதமியில் இதே காவியத்தைப் பற்றிப் பேசியபோது, அதிலுள்ள அரக்கர்கள் சில்லறை விஷயமல்ல, காவியத்தின் மையமே அவர்கள்தான் என்று வாதிட்டார் டோல்கீன். அரக்கனை அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அரக்கன் எங்கிருந்து வந்தான் என்று அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

டோல்கீன் கத்தோலிக்கர். தீமைக்குச் சுயமான படைப்பாற்றல் இல்லை, அது இருப்பதைக் கெடுக்க மட்டுமே முடியும் என்பது அவர் ஏற்ற இறையியல். அப்படியானால் மெல்கோர் சேற்றிலிருந்து ஓர்க் செய்ய முடியாது. எனவே திருத்தம். சிறைபிடித்த எல்ஃப்களைச் சித்திரவதை செய்து, சிதைத்து ஓர்க் ஆக்கினான் என்று எழுதுகிறார். ‘சில்மரில்லியன்’ நூலில் அச்சானது இந்தக் கதைதான். ஆனால் இது இன்னும் பெரிய குழி. எல்ஃபிலிருந்து வந்தவனென்றால் ஓர்க்குக்கும் ஆன்மா உண்டு, மீட்சிக்கும் வழி உண்டு. அப்புறம் எப்படி அவனை ஈயைப்போல அடித்துக் கொல்வது? ஓர்க் மனிதனிலிருந்து வந்தவனோ, பேசக் கற்றுக்கொடுக்கப்பட்ட மிருகமோ என்றெல்லாம் கடைசிக் காலம்வரை எழுதி எழுதிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

பால்ராக் விஷயத்திலும் இதே நெருக்கடி. ஒரு கட்டத்தில் ஆயிரம் பால்ராக் என்றுகூட எழுதியிருக்கிறார். பிற்காலக் குறிப்பு ஒன்றில், மூன்று, மிஞ்சினால் ஏழுக்குமேல் இருந்ததாக வைக்கக்கூடாது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்கிறார். ஏன்? அவர்கள் இப்போது உற்பத்திப் பொருளல்ல. படைப்பின் தொடக்கத்திலிருந்தே உள்ள மையார் என்னும் ஆவிகள், மெல்கோர் பக்கம் போய்ச் சீரழிந்தவர்கள். மோரியாப் பாலத்தில் பால்ராக்கை மறிக்கும் காண்டால்ஃப் கிழவனும் மையார்தான். ஒளிக்கும் இருளுக்கும் நடந்த சண்டை என்று நாம் வாசித்த இடத்தில், ஒரே இனத்தவர் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். இருமை எதிர்வைக் கட்டுடைக்க வெளியிலிருந்து யாரும் வரத் தேவைப்படவில்லை. எழுதியவரே எழுதிக்கொண்டே போய் அதைக் கழற்றிவிட்டார்.

5

ஆனால் எல்லாம் கழன்றுவிடவில்லை. 1958இல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையைப் படமாக்க வந்த திரைக்கதை ஒன்றுக்குக் குறிப்பு எழுதும்போது, ஓர்க்குகள் எப்படி இருப்பார்கள் என்று டோல்கீன் விளக்குகிறார். மங்கோலிய முகச்சாயலில், ஐரோப்பியருக்கு அழகாகத் தோன்றாதவற்றின் சீரழிந்த வடிவம் என்று அதன் சாரம். ‘ஐரோப்பியருக்கு’ என்ற அடைமொழியை அவரே போட்டுக்கொள்கிறார், அழகு பார்வையைப் பொறுத்தது என்று தெரிந்துதான் எழுதுகிறார். தெரிந்தும் எழுதுகிறார். நூலகத்தில் மக்களிடமிருந்து பூதத்தைப் பிரித்தவர், இங்கே மக்களின் முகத்தை எடுத்துப் பூதத்துக்கு மாட்டுகிறார்.

உடனே அவரை இனவெறியர் என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடலாம். சுலபம். ஆனால் 1938இல் ‘ஹாபிட்’ நூலை வெளியிட இருந்த ஜெர்மானியப் பதிப்பகம் நீர் ஆரியரா என்று கேட்டபோது எரிச்சலோடு பதில் எழுதியவரும் இவர்தான். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், 1959இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரிவுரையில் நிறவெறிக் கொள்கைமீது தனக்குள்ள வெறுப்பைப் பகிரங்கமாகச் சொன்னார். ஆளின் நல்லெண்ணம் ஒரு பக்கம் இருக்கும். மொழி தன் கிடங்கிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டும். பிரச்சினை எழுதுகிறவரின் மனசில் மட்டும் இல்லை. இருளுக்கு ஒரு முகம் வேண்டும் என்றதும் கைக்கு முதலில் எந்த முகம் அகப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அதே நாவலில் இன்னொரு இடம். ஷாக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க் தலைவர்கள் இருட்டுப் பாதையில் பேசிக்கொண்டு போகிறார்கள். மேலிடத்துக் கெடுபிடி, உளவு, எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். இந்தச் சண்டை ஓய்ந்தால் நம்பகமான நாலு பயல்களோடு எங்காவது ஓடிப்போய், பெரிய எஜமான்கள் இல்லாத இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறார்கள். பிழைப்பு என்றால் கொள்ளைதான், யோக்கியர்கள் ஒன்றுமில்லை. ஆனால் இது சேற்றில் செய்த பொம்மையின் பேச்சு அல்ல. பதுங்குகுழிச் சிப்பாயின் பேச்சு. டோல்கீன் அதைக் காதால் கேட்டிருக்கிறார்.

6

பிரதி வெளியே போனதும் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1960களில் அமெரிக்க மாணவர்கள் காண்டால்ஃபை ஜனாதிபதியாக்கச் சொல்லிச் சட்டையில் பட்டன் குத்திக்கொண்டார்கள். 1977இல் இத்தாலியின் நவபாசிச இளைஞர்கள் தங்கள் முகாமுக்கு ‘காம்போ ஹாபிட்’ என்று பெயர் வைத்தார்கள். 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனியர்கள் ரஷ்யச் சிப்பாய்களை ஓர்க் என்றார்கள். வீடு இடிந்தவனின் கோபத்துக்கு நாம் இலக்கணம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். படையெடுப்புக்கு உத்தரவு போட்டவன் அதில் மறைகிறான். இழுத்து வரப்பட்டவனும் விரும்பி வந்தவனும் ஒரே சேறாகிறார்கள்.

எதிர்வாசிப்புகளும் வந்தன. ரஷ்யரான கிரில் யெஸ்கோவ் 1999இல் மோர்டோர் பக்கமிருந்து ஒரு நாவல் எழுதினார். வென்றவன் எழுதிய சரித்திரத்தைத் திருப்பிப் போடும் உத்தி. ‘இராவண காவியம்’ (1946) தந்த புலவர் குழந்தையைத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஜமைக்க வழித் தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ், ஃபனோனின் நூல் தலைப்பை எதிரொலிக்கும் தலைப்போடு ஓர்க்குகளின் அறிக்கையாக எழுதிவைத்திருந்த கட்டுரை, 2021இல் அவர் இறந்த பிறகு 2022இல் அச்சானது. டோல்கீனின் உலகத்தை ஓர் இனவரிசை அமைப்பாக அது வாசிக்கிறது. இவை தேவையான வேலைகள். ஆனால் தலைகீழாக்கம் மட்டும் போதுமா? நம் பக்கத்தை ஒளியாக்கி அவர்களை இருளாக்கினால் கோடு அப்படியே இருக்கிறது, பெயர்ப்பலகைதான் மாறுகிறது. நம் துண்டறிக்கைகளையே எடுத்துப் பாருங்கள். எதிரியைப் பேய் என்று எழுதாத துண்டறிக்கை எத்தனை?

1944இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, விமானப்படையிலிருந்த மகனுக்கு டோல்கீன் எழுதிய கடிதங்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. நிஜப் போரில் ஓர்க்குகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், நம் பக்கமும் ஓர்க்குகளை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்று. ஓர்க் ஓர் இனம் அல்ல, ஆளை அப்படியாக்கும் வேலை ஒன்று நடக்கிறது என்பதை அவர் அங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறார். அதை நாவலுக்குள் முழுசாகக் கொண்டுவர அவரால் முடியவில்லை. ஓர்க்கின் பிறப்புக் கேள்விக்கு முடிவு சொல்லாமலேதான் செத்துப்போனார்.

அந்தக் கேள்வி முடியாமல் கிடப்பது நல்லதுக்குத்தான். ஒரு கூட்டத்தை யாராவது இருட்டு என்று சொல்லும்போது, நம்மவர்களே சொன்னாலும் சரி, கேட்க வேண்டியவை அவர் விட்டுப்போன கேள்விகள்தான். இவர்களை இப்படி ஆக்கியது யார்? எந்த வருஷம்? இந்த முகத்தை எங்கிருந்து எடுத்து இவர்களுக்கு மாட்டினார்கள்?