தேயிலைத் தொழிற்சாலைக் காற்று: மலையகத்தில் வாட்டலும் உலர்த்தலும்

இலங்கை மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்தின் ஈரத்தைக் காற்றைக்கொண்டு நீக்க உருவான கருவிகளும் முறைகளும் இத்தலைப்பில் அடங்கும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மீதி மூன்றரை கிலோவும் ஆவியாகிப் போகிறது. நாளுக்கு 1,000 கிலோ தேயிலை ஆக்கும் தொழிற்சாலை கிட்டத்தட்ட 3,500 லீற்றர் நீரைக் காற்றில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. தேயிலை வரலாற்றில் உருட்டும் இயந்திரம் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளில் மலைமுகட்டில் அடுக்கடுக்காய் எழும்பி, வரிசை வரிசையாய்ச் சன்னல் வைத்து நிற்கும் அந்தக் கட்டடங்களுக்கு உருவம் தந்தது காற்றுதான்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது தொழிற்சாலை என்று ஒன்று கிடையாது. பங்களா வராந்தாவில் மேசைமேல் கொழுந்தைப் பரப்பிக் கையால் உருட்டினார்கள். பிறகு களிமண் அடுப்பில் கரி மூட்டி, மேலே கம்பித் தட்டுகளில் இட்டுக் காயவைத்தார்கள். கரியடுப்பில் சூடு ஒரே சீராக நிற்காது. ஒரு தட்டு கருகும், இன்னொன்று ஈரமாகவே கிடக்கும். புகை வாடையும் இலையில் ஏறும். சில இறாத்தல் தேயிலைக்கு அது போதும். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, மலை முழுவதும் தேயிலை ஏறியபோது போதவில்லை.

விடை அயர்லாந்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. சாமுவேல் கிளிலாண்ட் டேவிட்சன் 1864இல் அசாமின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். கரியடுப்பின் குறைகளை அங்கேயே கண்டவர், நெருப்பையும் இலையையும் பிரித்துவைக்கும் வழியைத் தேடினார். அவருடைய உலர்த்தியில் புகை தனி வழியாக வெளியேறும். சூடேறிய இரும்பைத் தொட்டுவரும் தூய காற்று மட்டுமே இலைக்குள் நுழையும். சகாராவிலிருந்து மத்தியதரைக் கடல்மேல் வீசும் வெங்காற்றின் பெயரால் அதற்குச் 'சிரோக்கோ' என்று பெயரிட்டார். 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அதிகக் காற்றைத் தள்ளவேண்டிய தேவை அவரை விசிறியின் பக்கம் திருப்பியது. 1898இல், முன்னோக்கி வளைந்த சிறு அலகுகள் பல கொண்ட மையவிலக்கு விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். அது சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது. 1903இல் திறக்கப்பட்ட பெல்ஃபாஸ்ட் ரோயல் விக்டோரியா மருத்துவமனையின் காற்றோட்டத்துக்கும் பயன்பட்டது. நோயாளிக்கு நல்ல காற்றைக் கொண்டுசென்ற விசிறி, கொழுந்தைக் காயவைக்கும் கவலையில் பிறந்தது என்பது தேயிலை நாட்டார் பெருமையோடு நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

உலர்த்துவதைவிட நுட்பமானது வாட்டுவது. கொழுந்து பாதி ஈரத்தை மெல்ல இழந்து துவண்டால்தான் உருட்டும்போது நொறுங்காது. மணத்துக்கு அடிப்படையான மாற்றங்களும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. இதற்கு 12 முதல் 18 மணி நேரம் வரை ஆகும். தொழிற்சாலையின் மேல்மாடிகளில் சாக்குத்துணியை அடுக்கடுக்காய் இழுத்துக்கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லியதாய்ப் பரப்பினார்கள். சனவரி முதல் மார்ச் வரை டிம்புளைப் பகுதியில் குளிர்ந்த வறண்ட காற்று வீசும். சன்னலைத் திறந்தாலே இலை வாடிவிடும். அந்த மாதங்களின் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கினால் நிலைமை தலைகீழ். இலையும் சொட்டச் சொட்ட வரும், காற்றும் ஈரத்தில் ஊறி நிற்கும்.

அப்போது கைகொடுத்தது கலவை அறை. உலர்த்தியின் அடுப்பிலிருந்து வரும் வெங்காற்றையும் வெளிக்காற்றையும் அங்கே கலந்து, பெரிய விசிறிகளால் மாடிக்கு இழுத்தார்கள். கலவையின் சூடு மட்டும் பார்த்தால் போதாது. அருகருகே இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்பதைச் சொல்லிவிடும். சூடு மிஞ்சினால் இலை சிவந்து கெடும். வித்தியாசம் குறைந்தால் விடிந்தும் வாடாது. கடைசித் தீர்ப்பு கையில்தான். ஒரு பிடி இலையை இறுக்கிவிட்டால் உருண்டையாய் நிற்க வேண்டும், காம்பு ஒடியாமல் வளைய வேண்டும்.

1960களிலிருந்து வாட்டுத் தொட்டிகள் பரவின. நீண்ட தொட்டியில் வலையிட்டு, கொழுந்தைக் கனமாகக் கொட்டி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுவது இதன் முறை. இடமும் ஆட்களும் குறைவாகவே தேவைப்பட்டதால் சாக்குத்தட்டுகள் மெல்ல மறைந்தன.

உருட்டும் அறையில் தேவை நேர்மாறானது. அங்கே இலை காயக்கூடாது என்பதற்காகச் சுழலும் கருவிகளால் நீரைப் பனிபோலத் தூவி, காற்றில் ஈரம் ஏற்றினார்கள்.

உலர்த்தியிலும் மாற்றங்கள் வந்தன. சங்கிலித்தட்டு உலர்த்தியில் துளையிட்ட தட்டுகள் இலையை மேலிருந்து கீழே கொண்டுவரும். வெங்காற்று கீழிருந்து மேலே ஏறும். ஆகவே மிகச் சூடான காற்று, ஏறக்குறைய காய்ந்துவிட்ட இலையைச் சந்திக்கிறது. சூடு தணிந்த காற்று ஈர இலையைத் தொடுகிறது. நுழையும் காற்று ஏறக்குறைய 95 பாகை செல்சியசிலும் வெளியேறும் காற்று 55 பாகை அளவிலும் இருக்கவேண்டும். வெளியேறும் காற்றின் சூடு மிகக் குறைந்தால் இலை வெந்து சுவை மந்தமாகும். மிகக் கூடினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும். சுமார் இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். பின்னால் வந்த மிதவைப்படுகை உலர்த்தியில் தட்டுகளே இல்லை. துளைத்தகட்டின் அடியிலிருந்து பாயும் காற்றில் தேயிலைத் துகள்கள் உலைநீரைப்போலத் தளதளத்து மிதந்தபடியே காய்கின்றன. 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வாட்டல், உலர்த்தல் ஆய்வுகளுக்கு நிலைக்களமாக இருந்துவருகிறது.

தோட்டத்து மக்களுக்குத் தொழிற்சாலை 'ஸ்டோர்'. அங்கே சுழலும் சக்கரங்களுக்குக் காவலாக 'ரோதை முனி' என்ற தெய்வத்தை வைத்து வணங்கினார்கள். ரோதை என்றால் சக்கரம். காப்புரிமைப் பத்திரங்களில் டேவிட்சனின் பெயர் இருக்கிறது. மழை இரவில் விசிறியைக் கூட்டியும் குறைத்தும், அடுப்புக்கு விறகு தள்ளியும், இருட்டில் இலையைப் பிடித்துப் பார்த்தும் அந்தக் கருவிகளை மலையகத்துக்குப் பழக்கியவர்களின் பெயர் எதிலும் இல்லை. இந்த வரலாற்றின் பெரிய குறை இதுவே.

கந்தப்பொலை ஹெத்தர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகியது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகிறார்கள். கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையில் அமைந்த அருங்காட்சியகம் பழைய இயந்திரங்களைக் காக்கிறது. அவற்றை இயக்கியவர்களின் அறிவும் சொற்களும் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. ஸ்டோரில் வேலைபார்த்து ஓய்ந்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இப்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.