வான் கூன்ஸ் தளபதியும் கற்பிட்டிக் கோட்டையும்

கற்பிட்டிக் கோட்டையைக் காணச் செல்வோர், கடல்வழி வரும் பகைவரைத் தடுக்கவே அஃது எழுந்தது என எண்ணுதல் இயல்பு. ஆயின் அது தோன்றிய காலத்துப் போரை ஆராயின், அதன் முதன்மையான இலக்கு உள்நாடே என்பது புலனாகும்.

அப்போரை நடத்திய ரைக்லோஃப் வான் கூன்ஸ், இன்றைய ஜேர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள றேஸ் நகரில் 1619இல் பிறந்தவர். ஒன்பது வயதில் பெற்றோருடன் கிழக்கே புறப்பட்டு, விரைவிலே அவர்களை இழந்து, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிலேயே வளர்ந்தார். 1658ஆம் ஆண்டு அவரது போர்வாழ்வின் உச்சம். தூத்துக்குடி, மன்னார், மூன்று மாத முற்றுகையின் பின் யாழ்ப்பாணம், அதையடுத்து நாகபட்டினம் என அவ்வோராண்டிலேயே போர்த்துக்கேயரின் நிலைகள் வீழ்ந்தன. 1663இல் கொச்சியும் வீழ்ந்தது. வரலாற்று நூல்கள் விரித்துரைப்பன இவ்வெற்றிகளையே. எம் கரையோரத்துக்கு அவற்றினும் முக்கியமானது, 1659இல் பெரும் ஆரவாரமின்றி நிகழ்ந்த கற்பிட்டிக் கைப்பற்றலாகும்.

போர்த்துக்கேயரை வெளியேற்ற 1638இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தவன் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன். அம்மன்னனின் நாட்டுக்கு உப்பு அளித்தது புத்தளம். பாக்கு தென்னிந்தியாவுக்குச் சென்றதும், அங்கிருந்து புடைவை வந்ததும் புத்தளம் வழியே. புத்தளம் கடனீரேரியோ வடக்கே கடலுடன் கலக்கின்றது. அவ்வாயிலருகே அமைந்திருப்பது கற்பிட்டி. ஆதலின் புத்தளத்தைத் தாக்காமலே அதன் வணிகத்தை அடக்கலாம். வாளினும் சுங்கமே கூரிய படைக்கலம் என்பதை வான் கூன்ஸ் நன்கறிந்திருந்தார். நேற்றைய நட்பரசனின் உப்பையும் பாக்கையும் மறிக்கும் இம்முறையைப் போர்த்திறன் என்று மட்டும் போற்ற எமக்கு மனம் ஒப்பவில்லை. அதன் சுமை மன்னனை விட உப்பு விளைவித்தோரையும் தோணியோட்டிகளையும் சிறு வணிகரையுமே அழுத்தியிருக்கும்.

1667இல் தொடங்கிய கோட்டை வேலை 1676இல் நிறைவுற்றது. பவளப்பாறைக் கற்களும் சுண்ணாம்புக் கற்களும் அதன் மதில்களாயின. தந்தை தேசாதிபதியாயிருந்தபோது தொடங்கிய பணி, 1675இல் அப்பதவியேற்ற மகனின் காலத்தில் முடிந்தது. இதற்கிடையே உள்நாட்டினுள்ளும் படைகளை முன்னேற்ற முனைந்த வான் கூன்ஸின் செலவுமிக்க கொள்கையைப் பத்தேவியாவிலிருந்தோர் விரும்பவில்லை. 1670இல் கண்டிப் படையினர் திருப்பித் தாக்கினர். எனினும் அவர் 1678இல் மகாதேசாதிபதியாகிப் பத்தேவியாவிலேயே ஆட்சி செய்தார். 1682இல் அம்ஸ்டர்டாமில் காலமானார்.

புத்தளக் கரையோ 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை கண்டியரசுக்கே உரியதாயிருந்தது. அதன் கடல்வாயிலைக் கற்பிட்டியின் காவற்படை காத்துநின்றது.