கம்பெனி கைவிட்ட இசைக் கருவிகள்

மனிதன் செய்த கருவிகள் இரு வகையாக மாண்டு போகின்றன. தேய்ந்தும் துருவேறியும் உடைந்தும் போவது ஒருவகை, அது இயற்கை. உறுப்பொன்றும் பழுதுறாதிருக்கும் பொழுதே, செய்து விற்ற கம்பெனியார் கைகழுவி விடுவதால் பயனற்றுப் போவது மற்றொரு வகை. இவ்விரண்டாவது சாவைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய விரும்புகிறேன். கணினியுகத்தின் புது நோய் இதுவென்று பலர் கருதுகின்றனர். வரலாற்றைப் புரட்டினால் இது மிகப் பழைய நோயென்பது விளங்கும்.

1877-ல் எடிசன் பேசும் யந்திரத்தைக் கண்டார். 1887-ல் எமில் பெர்லினர் தட்டில் ஒலி பதிக்கும் கிராமபோனுக்கு உரிமை பெற்றார். பெர்லினர் வழித் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும். எடிசன் 1912-ல் வெளியிட்ட வைரமுனைத் தட்டிலோ ஊசி மேலும் கீழுமாக அசையும். ஆகவே, தனி இணைப்பு இல்லாமல் ஒருவர் தட்டு மற்றவர் பெட்டியில் பாடாது. எடிசன் தட்டின் ஒலி நயத்தைப் பலரும் மெச்சினர். எனினும் 1929 அக்டோபரில் அவர் கம்பெனி இசைத்தட்டு வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. நம்பி வாங்கியவர் வீட்டில் பெட்டி நலமாகவே இருந்தது. அதற்கேற்ற புதுப் பாட்டுத்தான் அதன் பின் வரவில்லை.

நம்மவர் நற்பேறு வேறு விதமாயிற்று. பிரெட் கெய்ஸ்பர்க் 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். 1903-ல் சிங்கப்பூருக்கும் வந்து பதிந்து சென்றார். 1932-ல் சென்னையில் மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் கண்டு ஒடியன் தட்டுகளை வெளியிட்டனர். ஒடியனாயினும் கொலம்பியாவாயினும் நாய் முத்திரைத் தட்டாயினும் ஒரே பெட்டியில், ஒரே எஃகு ஊசியில் பாடின. 1948-ல் நீண்டநேரத் தட்டு தோன்றி நிமிடத்திற்கு 78 சுற்றுத் தட்டைப் பையப்பைய ஓரங்கட்டியது உண்மையே. ஆயினும் கைச்சாவிப் பெட்டியொன்று இன்றும் கிடைக்குமாயின், சுருள்வில்லைச் செப்பனிட்டு, ஊசியை மாற்றி அத்தட்டைப் பாட வைக்கலாம். அதற்கு எக்கம்பெனியின் அனுமதியும் வேண்டுவதில்லை.

அனுமதி வேண்டும் காலம் பின்னர் வந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனி இணையவழியே பாட்டு விற்றது. அப்பாட்டுகள் பூட்டுடன் விற்கப்பட்டன. புதுக் கணினிக்கு மாற்றினால் கம்பெனியிடம் திறவுகோல் பெற வேண்டும். இனித் திறவுகோல் தருவதில்லை என்று 2008-ல் அறிவிப்பு வந்தது. காசு கொடுத்தவர்கள் கூக்குரலிட்டதனால் 2011 வரை தவணை கிடைத்தது. அவர்கள் வாங்கியது பாட்டையன்று, பாட்டைக் கேட்கும் இரவல் உரிமையையே என்பது அப்போது வெளியாயிற்று.

2020 ஜனவரியில் சோனோஸ் என்னும் ஒலிபெருக்கிக் கம்பெனி, தன் பழைய கருவிகளுக்கு மே மாதத்திற்குப் பின் புது மென்பொருள் வாராது என்றது. பழையதைத் தந்து புதியதைச் சலுகை விலையில் வாங்குவோர், பழைய கருவியை நிரந்தரமாக முடக்க வேண்டும் என்றும் ஒரு திட்டம் இருந்தது. நன்றாகப் பாடும் கருவியை உடையவர் கையாலேயே கொல்வித்த விந்தை இது! எதிர்ப்பு மூண்டது, தலைவர் மன்னிப்புக் கோரினார், முடக்கும் நிபந்தனை மார்ச்சில் கைவிடப்பட்டது.

கம்பெனியார் பக்கமும் நியாயமுண்டு. பழைய கருவியின் நினைவகம் சிறிது. புதுவேலையை அது தாங்காது. காலமெல்லாம் அதற்கு மென்பொருள் எழுத ஆளும் கூலியும் வேண்டும். அதனை மறுப்பாரில்லை. ஆனால், தாமும் பேணாமல் பிறரும் பேண இயலாதவாறு சாவியை மடியில் முடிந்துகொள்வது எந்த நியாயத்தில் அடங்கும்?

என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பாரோய்ப் பகுதியில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு, என் பாட்டியார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அடங்கிய ஏழு ஒலிநாடாக்கள் தகப்பனார் வழி வந்தன. பால்மரக் காட்டு லயத்தில் பாடியவை அவை. அவற்றைக் கணினியில் ஏற்ற முன்னரே வாங்கி வைத்திருந்த சிறு பெட்டியைப் புதுக் கணினியில் இணைத்தேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. கணினியோ அதனை அறியேன் என்றது. செய்தவர்களைக் கேட்டால், அம்மாதிரிக்கு ஆதரவு நின்றுவிட்டது, புதியது வாங்குக என்று பதில் வந்தது. நாடாவோ காத்திருக்குமா? நம் நாட்டுப் புழுக்கத்தில் பூஞ்சை பூக்கிறது. முடிவில், பழைய இரும்புக்குப் போகவிருந்த கணினியொன்றை எடுத்து, சிரம்பான் நண்பரொருவர் சேமித்து வைத்திருந்த பழைய மென்பொருளை ஏற்றி, மூன்றிரவில் ஐந்து நாடாக்களைக் காப்பாற்றினேன். இரண்டு போயின. பாட்டியாரின் குரலில் அவ்விரண்டில் என்ன இருந்ததென்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

இதற்கு மருந்தில்லையா? உண்டு, அதுவும் வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்கரான தேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இக்குதாரோ காக்கேஹாஷியும் போட்டிக் கம்பெனிக்காரர்கள். இருந்தும் மின்னிசைக் கருவிகள் தம்முள் பேச ஒரு பொதுமொழி வேண்டுமென்று ஒன்றுபட்டனர். 'மிடி' என்னும் அம்மொழி 1983 ஜனவரியில் மேடையேறியது. உரிமைக் கட்டணமின்றி எல்லோருக்கும் வழங்கப்பட்டது. அவ்வாண்டில் வந்த யமஹா டிஎக்ஸ்7 இன்றும் புதுக் கணினியோடு உரையாடும். 2020-ல் வந்த இரண்டாம் மிடியும் பழையதைத் தள்ளிவிடவில்லை.

இன்னொன்று பாருங்கள். லாஜிடெக் கம்பெனி தன் ஸ்குவீஸ்பாக்ஸ் இசைப் பெட்டிகளை 2012-ல் நிறுத்தியது. அவற்றிற்கான இணையச் சேவையையும் 2024-ல் மூடிற்று. எனினும் அதன் மூல மென்பொருள் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடந்தமையால், பயன்படுத்துவோரே அதனைப் பேணி வருகின்றனர். பெட்டிகள் இன்றும் பாடுகின்றன.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. துரைமார் தோட்டங்களை விற்றுச் சென்றபோது, அவை துண்டு துண்டாகித் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். 1960-ல் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, பாட்டாளிகள் சிறுசிறு பங்காகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். ஒருவன் கையிலிருந்தால் அவன் விட்டதும் அழியும். பலர் கையிலிருந்தால் ஒருவர் விட்டாலும் நிலைக்கும்.

ஆதலின் அன்பர்களே, கருவி வாங்குமுன் கம்பெனியின் தனி மென்பொருள் இன்றி அது இயங்குமா என்று கேளுங்கள். வீட்டு நாடாக்களை இன்றே கணினியில் ஏற்றுங்கள்; எந்தக் கருவியும் படிக்கும் பொதுவடிவில், மூன்று இடங்களில் வையுங்கள். நம் சங்கங்களும் நூலகங்களும், நல்ல நிலையிலுள்ள ஒரு நாடாப் பெட்டியையும் அதற்கேற்ற பழைய கணினியையும் பொதுவில் வைத்துக் காக்கட்டும். கருவியைக் கைவிடும் உரிமை கம்பெனிக்கு இருக்கலாம். நம் பாட்டிமாரின் குரலைக் கைவிடும் உரிமை நமக்கு இல்லை.