காஷ்மீரத்திலிருந்து போன செருப்பு

உடையைக் களைந்துவிட்டுக் கூடி வாழ நினைத்த வெள்ளைக்காரர்களின் கதையைத் தோண்டிக்கொண்டே போனால், அடியில் ஒரு செருப்பு அகப்படுகிறது. அதுவும் இங்கிருந்து போன செருப்பு.

1885-ல் ஹெரால்ட் காக்ஸ் என்ற இளைஞர் அலிகர் கல்லூரிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தார். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டார். அதற்குள் நண்பர் எட்வர்ட் கார்ப்பென்டருக்குக் காஷ்மீரத்திலிருந்து செருப்பு அனுப்பி வைத்தார். கார்ப்பென்டர் கேம்பிரிட்ஜில் பாதிரியார், விரிவுரையாளர் என்று இருந்து, இரண்டையும் உதறியவர். அப்போது டெர்பிஷயரில் மில்தார்ப் என்ற கிராமத்தில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தார்.

தைத்து மூடிய பூட்ஸ் அவருக்குக் காலின் சவப்பெட்டி. ஒழுங்காக உடுத்திய ஆங்கிலேயன் ஒருவனின் தோலுக்கும் வானத்துக்கும் நடுவில் எத்தனை துணி என்று உட்கார்ந்து எண்ணினார். பனியன், சட்டை, வெயிஸ்ட்கோட், அதன் உள்துணி, கோட்டு, அதன் உள்துணி, ஓவர்கோட்டு என்று பதினொரு அடுக்கு வந்தது. இப்படிப்பட்டவர் கையில் காஷ்மீரத்துச் செருப்பு கிடைத்தால் சும்மா இருப்பாரா? ஷெஃபீல்டில் பூட்ஸ் தைக்கும் நண்பர் ஒருவரிடம் வேலை கற்றுக்கொண்டு, அதையே மாதிரியாக வைத்துத் தானே தைத்தார். கேட்டவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். வீட்டருகே ஓடும் ஓடையில் துணியில்லாமல் குளித்து வெயில் காய்வதும் அவர் வழக்கம்.

1890-ல் கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைப் பார்க்க இலங்கைக்கு வந்தார். அருணாசலத்தின் மூலம் ராமசாமி என்ற தமிழ் ஞானியின் அறிமுகம் கிடைத்தது. ராமசாமியின் குரு தில்லைநாதன் சுவாமி. கப்பல் வைத்து வியாபாரம் செய்த செல்வக் குடும்பத்துக்காரர். ஞானம் கிட்டியதும் சொத்தையெல்லாம் உறவினருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அம்மணமாகக் காட்டுக்குள் நடந்துவிட்டாராம். தாயும் சகோதரிகளும் பின்னாலேயே போய்க் கெஞ்சியும் திரும்பவில்லை. கார்ப்பென்டர் 1892-ல் வெளியிட்ட பயணநூலில் இதை எழுதியிருக்கிறார். பட்டினத்தாரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. அவருக்குப் புதிது.

சரியாக இந்த நேரத்தில்தான் பம்பாய்ப் பக்கமிருந்து அவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. எழுதியவர் தானே என்ற மாவட்டத்தின் நீதிபதி சார்லஸ் எட்வர்ட் கார்டன் க்ராஃபோர்ட். 1891-ல் மாதேரான் மலையில் நிர்வாணத்துக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார். உலகத்தில் இந்த வகைச் சங்கங்களில் முதலாவது இது என்பார்கள். மொத்த உறுப்பினர் மூன்று பேர்: நீதிபதி, கால்டர்வுட் என்ற பாதிரியாரின் பிள்ளைகள் இருவர். பாதிரியார் என்ன சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

சிரிக்கலாம். ஆனால் அந்தக் கால வெள்ளைக்காரர் இந்தியாவில் உடுத்தியதையும் பார்க்க வேண்டும். நான் இதை எழுதும் திருமுல்கேரி அன்று பிரிட்டிஷ் பட்டாளம் தங்கிய இடம். மே மாதத் தக்காண வெயிலிலும் வயிற்றைச் சுற்றி ஃபிளானல் துணி; காலரா அண்டாதாம். தலையில் சோலா தொப்பி, காலில் பூட்ஸ். க்ராஃபோர்டுக்குப் புழுங்கியதில் ஆச்சரியமில்லை. அவர் ரத்னகிரிக்கு மாற்றலானதும் சங்கம் கலைந்தது. 1894-ல் இறந்தும் போனார். கார்ப்பென்டர் அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்தியதால்தான் இப்படி ஒரு சங்கம் இருந்ததே தெரியவருகிறது.

செருப்பு அதைவிட நீடித்தது. கார்ப்பென்டருடன் மில்தார்ப்பில் குடியிருந்த ஜார்ஜ் ஆடம்ஸ் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டு லெட்ச்வர்த் போய்ச் சேர்ந்தார். 1903-ல் உண்டாக்கிய தோட்ட நகரம் அது; மரக்கறிக்காரர்கள், மது தொடாதவர்கள், தியாசபிக்காரர்கள் எல்லாரும் குடியேறினார்கள். செருப்பு அவர்களின் அடையாளமானது. அதே ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் 1929-ல் ஸ்பீல்பிளாட்ஸ் என்ற நிர்வாண முகாம் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

மறு வருஷம், 1930 டிசம்பரில், ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி போடக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அடுத்த வருஷம் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மானிடவியலாளர் ஹட்டன் இதைச் சாதி பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். மாதேரானில் ஒரு நீதிபதி ஆசைப்பட்டு மேற்கொண்டதை இங்கே தண்டனையாக விதித்தார்கள். கார்ப்பென்டரின் எழுத்தை நான் விரும்பிப் படிப்பவன்தான். ஆனாலும், துணியை விட்டால் மனிதருக்குள் வேற்றுமை போய்விடும் என்று இந்த இயக்கத்தார் பேசும்போது, ராமநாதபுரத்துப் பட்டியலை அவர்களிடம் நீட்டத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் அந்தச் செருப்பைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 1937-ல் வந்த புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல், சோஷலிசத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். பழச்சாறு குடிப்பவர், நிர்வாணக்காரர், செருப்புப் போடுபவர் மூவரும் அதில் வரிசையாக நிற்கிறார்கள். லெட்ச்வர்த்தில் பஸ் ஏறிய இரண்டு கிழவர்களின் அரைக்கால் சட்டையும் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. பர்மாவில் ஐந்து வருஷம் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். அந்தப் புத்தகத்தை எழுதியபோது அவர் குடியிருந்த வாலிங்டன் கிராமம், ஆடம்ஸ் செருப்புத் தைத்த ஊரிலிருந்து சில மைல்தான்.