கட்டிப் போட்டவர் கடன்



நாயை வாக்கிங் கூட்டிப் போவது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "நம்ம தாத்தா காலத்துல யாரு சார் நாய்க்குக் கயிறு கட்டி நடத்துனாங்க?" என்று என்னிடம் படித்தவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாத்தா காலத்தில் யாரும் நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை, இப்போது மட்டும் ஏன் நடத்த வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் நம் காஞ்சிபுரத்துக்கும் பங்கு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 1400 ஆண்டுகள் பின்னால் போவோம். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் எழுதினான் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லாது. கதை நடப்பது நம் காஞ்சித் தெருவில். குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்தத் துறவி மேல் பழி போட்டுச் சண்டை இழுக்கிறான். பெரிய பஞ்சாயத்து நடக்கிறது. கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு நாய்! அதனிடமிருந்து ஒரு பித்தன் பிடுங்கி வைத்திருக்கிறான். ஆக, காஞ்சித் தெருவில் விருப்பம்போல் திரிந்த ஒரு நாயை அரசனே நாடகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறான்.

அதே மன்னன் காலத்தில் இன்னொரு நாயும் உண்டு. இது கற்பனை அல்ல, கல்வெட்டு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே எடத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகப் போராடி இறந்ததைச் சொல்லும் கல் அது. அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைத் தனியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும்.

இந்த இரண்டு நாய்களுக்கும் பொதுவானது என்ன? ஒன்று தெருவில் தன் இஷ்டத்துக்கு ஓடியது. மற்றொன்று எருமை மேயும் இடமெல்லாம் கூடவே போனது. இரண்டையும் யாரும் வாக்கிங் கூட்டிப் போகவில்லை. தேவையே இல்லை. நாயின் பிழைப்பிலேயே அதன் ஓட்டமும் நடையும் அடங்கியிருந்தன. தருமரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய்தான் என்ற கதையை நம் பாட்டிமார் சொல்வார்களே, அங்கேயும் நாய் கூட நடந்ததே தவிர, அதை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

தென் மாவட்டங்களின் நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு என்று உடம்பே ஓடுவதற்காக அமைந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமானது. அது சரியான சட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு இந்த நாய்களின் வேலை போய்விட்டது. வேலை போனாலும் கால் போகவில்லையே! அந்த ஓட்டம் இன்னும் உடம்புக்குள் இருக்கிறது. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம் பிடித்தது. பெருமைதான். தபால் தலையில் இருக்கும் அந்த நாயைத்தான் இன்று நகரத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் வளர்க்கிறார்கள். பிறகு, "செருப்பைக் கடிக்குது, ராத்திரியெல்லாம் குரைக்குது" என்று குறை சொல்கிறார்கள்.

சரி, கயிறு எப்போது வந்தது? காவலுக்கு நாயைக் கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடமும் பழையதுதான். ஆனால் வேலை எதுவும் இல்லாத நாயை ஆசைக்காக வீட்டுக்குள் வளர்ப்பதும், அதைக் கயிறு பிடித்து நடத்துவதும் ஆங்கிலேயர் காலத்தில்தான் கண்ணில் படும்படி வந்தன. அப்போதும் துரை தானே நடத்தவில்லை. நாயைக் கவனிப்பதற்கென்றே ஒரு வேலைக்காரர் இருந்தார். வடக்கே அவருக்கு 'டோரியா' என்று பெயர். 'டோர்' என்றால் கயிறு. கயிற்றைப் பிடிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 'வெள்ளைக்காரன் பழக்கம்' என்கிறோமே, அதிலும் கால் வலிக்க நடந்தது நம் ஆள்தான்.

இனி கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் உடனே நினைவுக்கு வருவது கலாக்ஷேத்ரா புடவை. 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அங்கே ஒரு நெசவுப் பிரிவையும் ஆரம்பித்தார். வழக்கொழிந்து கொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் பட்டில் மீட்டெடுத்தார். கோர்வைக் கரை பற்றிப் பேசும் நம் தறிக்காரர்கள் பலருக்கும் அந்தப் பெயர் பழக்கம்.

அவரே 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நடனமும் அல்ல, பட்டும் அல்ல. விலங்குகள். விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1954-இல் அது விவாதத்துக்கு வந்தபோது, அரசே குழு அமைத்து முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். சொன்னபடியே 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதுவரை இருந்தது 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டம். புதிய சட்டத்தின்படி 1962-இல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினோராவது பிரிவு, எவையெல்லாம் கொடுமை என்று பட்டியல் போடுகிறது. அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது என்று நமக்குத் தெரிந்தவைதான் பெரும்பாலும். நடுவே ஒரு வரி வருகிறது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ நெருக்கடியான இடத்தில் அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு, அதன் உரிமையாளர் தாமாகவோ பிறரைக் கொண்டோ நியாயமான அளவு உடற்பயிற்சி தராமல் அலட்சியமாக இருந்தால், அதுவும் கொடுமை. அதுவும் குற்றம். அதற்கு முந்தைய வரி, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டி வைப்பதையும் குற்றம் என்கிறது.

2005-இல் இத்தாலியின் டூரின் நகரம் நாயை நாளுக்கு மூன்று முறை நடத்த வேண்டும் என்று விதி போட்டது. 2020-இல் ஜெர்மனியின் வேளாண் அமைச்சர் நாளுக்கு இரண்டு முறை, மொத்தம் ஒரு மணி நேரம் என்று விதி வரப்போவதாக அறிவித்தார். உலகப் பத்திரிகைகளெல்லாம் வேடிக்கைச் செய்தியாக எழுதின, நம் பத்திரிகைகள் உட்பட. மணிக்கணக்கு இல்லாவிட்டாலும், அதே கடமை நம் சட்டத்தில் 1960-லிருந்தே இருப்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஆசிரியர் புத்தி எனக்கு, சொல்லுக்குச் சொல் பார்ப்பேன். அந்த வரி எல்லா நாய்க்கும் பயிற்சி கொடு என்று சொல்லவில்லை. கட்டி வைத்த நாய்க்கும் அடைத்து வைத்த நாய்க்கும் கொடு என்கிறது. சுற்றித் திரியும் நாய்க்கு நாம் எதுவும் தர வேண்டியதில்லை. அது தானே நடந்துகொள்ளும். அதன் ஓட்டத்தை நாம் எடுத்துக்கொண்டால், அந்த அளவுக்கு நாம் திருப்பித் தர வேண்டும். இது தர்ம காரியம்கூட இல்லை, கடன். தாத்தா ஏன் நடத்தவில்லை என்ற கேள்விக்கு இதுதான் விடை. தாத்தா கடன் வாங்கவில்லை.

நம் ஊரையே பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தால் நெசவாளருக்கு எழுந்திருக்கவே நேரம் கிடைக்காது. நாயை நடத்த அவர் எங்கே போவார்? ஆனால் அங்கே நாய் ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தெருவுக்குச் சொந்தமாக இருந்தது. ஒரு வீட்டில் பழைய சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையடியில் தூக்கம். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டும்போது ஓரமாக ஒதுங்கிப் போகவும் அதற்குத் தெரியும். பூனைக்கும் அப்படித்தான். சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகளில் ஒரு கூரையில் ஏறினால் தெருக்கோடி வரை அதன் ராஜ்ஜியம்.

இப்போது ஓட்டு வீடுகள் இடிந்து மாடி வீடுகள் எழுகின்றன. கேட் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கொசுவலை வந்துவிட்டது. வாகனங்கள் பெருகிவிட்டன. நாயைத் தெருவில் விடக் கூடாது என்பது சரிதான். வெறிநாய்க்கடி பயமும் நியாயமானதே. அதனால் கட்டுகிறோம். காலையில் கட்டிய நாய் இரவு வரை அதே தூணில், அதே நாலு அடிக்குள் கிடக்கிறது. பிஸ்கட்டுக்கும் கறிக்கும் குறைவில்லை. நடை மட்டும் இல்லை. பிறகு அது பருத்துப் போகிறது, மூட்டு வலியில் நொண்டுகிறது, வருவோர் போவோர் மேல் எல்லாம் பாய்கிறது. 'பொல்லாத நாய்' என்று பெயர் வாங்குவது நாய்தான், கட்டியவர் அல்ல.

எவ்வளவு நடை போதும் என்று கேட்பீர்கள். சட்டம் 'நியாயமான அளவு' என்று மட்டும் சொல்கிறது. கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது, இனத்தையும் வயதையும் பொறுத்து நாளுக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை. சிப்பிப்பாறை, ராஜபாளையம், லாப்ரடார் போன்றவற்றுக்கு அதிகம் வேண்டும். செல்போன் விளம்பரத்தைப் பார்த்து எல்லாரும் வாங்கினார்களே, அந்தச் சப்பை மூக்குப் பக் நாய்க்கு மெதுவான நடை போதும். வெயிலில் அதற்கு மூச்சு வாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் எந்த நாயையும் விடிந்து வெயில் ஏறுவதற்குள் நடத்திவிடுங்கள். மாலையில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

அந்த வரியில் பூனையின் பெயர் இல்லை. ஆனாலும் எந்த விலங்கையும் அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது அதே பிரிவின்படி குற்றம். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு நீண்ட நடை வேண்டாம். பதுங்கிப் பாய்வதுதான் அதன் பயிற்சி. ஒரு குச்சியில் நூலைக் கட்டி நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் ஆட்டினால் போதும். ஏறி உட்கார உயரமாக ஒரு இடம் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நூலை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும். பட்டு நூல் உள்ள வீட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அபராதம் எவ்வளவு என்று சொல்லவில்லையே! முதல் முறை குற்றத்துக்குக் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் நூறு ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்து ரூபாய்க்கு இன்று டீ கிடைப்பதே சிரமம். அந்தப் பத்து ரூபாய்க்குப் பயந்து யாரும் நாயை அவிழ்க்கப் போவதில்லை. போலீஸ் வந்து கேட்கவும் போவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கேட்க ஆள் இல்லாத கடனை நாமாகத்தான் அடைக்க வேண்டும்.

உங்களால் முடியாவிட்டால், 'பிறரைக் கொண்டு' என்று சட்டமே வழி சொல்கிறது. வீட்டில் செல்போனைக் குனிந்து பார்த்தபடி ஒரு பேரப்பிள்ளை இருப்பானே, அவனிடம் கயிற்றைக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் நடை ஆகும்.

உங்கள் வீட்டு நாயை யார், எத்தனை மணிக்கு, எதுவரை நடத்துகிறீர்கள்? தெருநாய்த் தொல்லை, வண்டித் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.